கதவு வைத்த படுக்கை

எங்கள் ஊரில் பாதிப் பேர் ட்ரெய்லர், அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த சக்கர வீடு, செய்கிற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். மீதிப் பேர் அதை வாங்கி, வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறார்கள். இந்த இரண்டிலும் சேராமல் கூடாரத்திலேயே காலம் தள்ளிய குடும்பம் எங்களுடையது. போன கோடையில், கொட்டுகிற மழையில் கூடாரம் எங்கள் தலைமேலேயே சரிந்தது. ஈரப் போர்வைக்குள் உட்கார்ந்து, இனி நாலு சுவர் இல்லாமல் எங்கேயும் வரமாட்டேன் என்று என் கணவன் க்ளெனிடம் சொல்லிவிட்டேன். அவன் சரி என்றான். அப்போது பேச்சு வெறும் சுவரைப் பற்றித்தான் இருந்தது.

இந்த ஏப்ரலில் அது வேறு பேச்சாகிவிட்டது. க்ளெனுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பெண், ப்ரென்னா. பதினைந்து வயது. அம்மாவோடு ஃபோர்ட் வேன் என்ற ஊரில் இருக்கிறாள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரக்கடைசியில் எங்களிடம் வருவாள். இதுவரை கோடை விடுமுறையைக் கோர்ட்டே பங்கு போட்டுக் கொடுத்தது. இந்த வருஷம் நீதிபதி, பெண் வளர்ந்துவிட்டாள், எங்கே இருப்பது என்று அவளே சொல்லட்டும் என்றுவிட்டார். எங்களோடு இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவின் புதுக் கணவருக்கு ஏரிக்கரையில் வீடு, அங்கே அவளுக்கென்று ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். எங்கள் வீட்டில் இரண்டே அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று ஜூனி, ஓட்டிஸ் என்ற ஆறு வயது இரட்டையருக்கு. ப்ரென்னா டிவிக்கு எதிரே இருக்கும் சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

ஒரு ட்ரெய்லர் வாங்கி, ஊர் சுற்றாத நாளில் வாசலில் நிறுத்தி, வீட்டில் கொடுக்க முடியாத அறையைச் சக்கரத்தின் மேலாவது கொடுத்துவிட வேண்டும் என்று க்ளெனுக்கு ஒரு வெறி. இந்தக் கோடை கையை விட்டுப் போனால் அடுத்த கோடையில் அவள் வேலை, சிநேகிதிகள், கார் என்று போய்விடுவாள், அப்புறம் எங்கே பிடிப்பது என்பான். நியாயம்தான். எனக்கும் அவள் வர வேண்டும் என்றுதான் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தாலே "பல் தேச்சியா", "ஷூவைக் கழட்டு" என்று ஏதாவதுதான் வரும்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஐந்து பேரும் ட்ரெய்லர் விற்கும் கடைக்குப் போனோம். வசந்த காலத் தள்ளுபடிக்காக வாசலில் சாசேஜ் வாட்டி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கவனித்தவர் ட்ரூடி என்ற நடுவயதுப் பெண்மணி. முதலில் ஒரு சின்ன ட்ரெய்லரைக் காட்டினார். எங்கள் பிக்அப் வண்டி இழுக்கக்கூடியது, அளவானது, பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

இங்கே ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் முதலில் செய்வது, படுத்துப் பார்ப்பது. படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் உள்ளே போய், அவரவர் இடத்தில் அவரவர் படுக்க வேண்டும். தலை இடிக்கிறதா, கால் நீட்ட முடிகிறதா, பக்கத்தில் படுப்பவர் புரண்டால் நமக்கு ஆடுகிறதா என்று கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடப்பார்கள். சில பேர் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகூடப் பார்ப்பார்கள். விற்கிறவர்கள் வெளியே பொறுமையாக நிற்பார்கள்.

முன்பக்கம் கதவு வைத்த சின்ன அறை, அதில் பெரிய படுக்கை. நானும் க்ளெனும் அதில் விழுந்தோம். பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு குட்டிப் படுக்கைகள். மேல் படுக்கைக்காக ஜூனியும் ஓட்டிஸும் அடித்துக்கொண்டார்கள். ட்ரூடி நடுவில் இருந்த சாப்பாட்டு மேசையின் காலை மடக்கி, பலகையை இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் இறக்கி, மேலே மெத்தைகளைப் பரப்பினார். பெரிய பெண்ணுக்கு இது போதும், ராத்திரி படுக்கை, காலையில் மேசை என்றார்.

ப்ரென்னா உள்ளே வரவில்லை. ஷூவைக் கழற்றாமல் படியிலேயே நின்று அந்த மேசையைப் பார்த்தாள். படுத்துப் பாரேன் என்று க்ளென் கூப்பிட்டதற்கு, பரவாயில்லை என்று மட்டும் சொன்னாள். ட்ரூடி பேச்சை மாற்றுவதற்காக, மூன்றும் உங்கள் பிள்ளைகளா என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு எங்களோடது. அவ க்ளெனோட பொண்ணு" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். கூந்தல் வெட்டும் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு ஊர்ப் பேச்சுப் பேசுகிறவள் நான், வாயில் வந்ததைச் சொல்லிப் பழக்கம். சொல்லி முடித்ததும் ப்ரென்னா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் க்ளென் தன் போனைக் காட்டினான். ராய்ஸ் என்ற ஒருவர் ஊருக்கு வெளியே தன் பழைய ட்ரெய்லரை விற்கிறாராம். பஸ் நீளம். பின்னால் தனி அறை, அடுக்குப் படுக்கைகள் போக ஓரத்தில் அகலமாக இன்னொரு படுக்கை, ஜன்னல், சாத்திக்கொள்ளக் கதவு. விலையும் கட்டுப்படியாகும். அந்த நீளத்தைப் பார்த்ததும் நான் எங்கள் பிக்அப்பைத் திரும்பிப் பார்த்தேன். நம் வண்டி தாங்காது என்றேன். ஒன்பதாயிரம் பவுண்டு எடை இழுக்கும் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள் என்றான் அவன். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நம் ஐந்து பேரின் எடை, சாமான் எடை, அதோடு ட்ரெய்லர் தன் மூக்கை வண்டியின் வால்மேல் வைத்து அழுத்துகிற எடை, எல்லாம் சேர்ந்து இவ்வளவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கிறதே, அதைப் பார் என்றேன். பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். இங்கே ஆண்பிள்ளைகளிடம் உன் பிக்அப்பால் முடியாது என்பதும் உன்னால் முடியாது என்பதும் ஒன்றுதான்.

"அவளுக்கு ரூம் கொடுக்க உனக்கு இஷ்டமில்லன்னு நேராச் சொல்லிடேன் லோர்னா. எதுக்கு வண்டி மேல பழி போடற?" என்றான்.

நான் பதில் சொல்லத் திரும்பினேன். பின்னால் ப்ரென்னா, இரட்டையருக்காக வாங்கிய சாசேஜ் தட்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எதிரே இன்னொரு முறை 'வேண்டாம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்றேன்.

ராய்ஸின் வீடு சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. போன வருஷத்து அறுத்த தட்டைகள் மட்டும் நின்றன, காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. மேற்கிலிருந்து நல்ல காற்று. ராய்ஸ் அறுபதைத் தாண்டிய, வாய் ஓயாத மனிதர். ட்ரெய்லருக்குள் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினார், அடுப்பைப் பற்றவைத்தார், ஷவரைத் திறந்துவிட்டு, தண்ணி எப்படிக் கொட்டுது பாருங்க என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ப்ரென்னா மட்டும் நேராகப் பின் அறைக்குப் போனாள். கதவைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. க்ளென் அதைப் பார்த்துவிட்டான். அதற்கப்புறம் அவன் காதில் எதுவும் ஏறாது.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். ராய்ஸ் கொஞ்சம் யோசித்தார்.

"சின்னதுங்க ரெண்டையும் எங்க வீட்டம்மாகிட்ட அடமானம் வச்சுட்டுப் போங்க. அப்பத்தான் திரும்பி வருவீங்கன்னு நம்புவேன்" என்றார்.

இரட்டையர் குச்சி ஐஸுக்காகச் சந்தோஷமாக அடமானம் போனார்கள். ப்ரென்னாவையும் இருக்கச் சொன்னேன். நானும் வருவேன், அது என் அறை என்றாள். 'என் அறை' என்று அவள் வாயிலிருந்து வந்ததும் க்ளெனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எப்படித் தடுப்பேன்?

கொக்கியில் மாட்டியதுமே எங்கள் பிக்அப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. எடையை முன் சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கிற இரும்புத் தண்டுகள் இரண்டு ராய்ஸிடம் இருந்தன, எங்கள் கொக்கிக்கு அவை பொருந்தவில்லை. இந்தக் கொஞ்ச தூரத்துக்கு அது எதுக்கு என்று ராய்ஸும் சொன்னார், க்ளெனும் சொன்னான். நான் க்ளெனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

கிராமத்துச் சாலையில் மெதுவாகப் போனவரை ஒன்றுமில்லை. க்ளென் விசிலடித்தான், பாத்தியா, வெண்ணெய் மாதிரி வருது என்றான். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் கூட்டினான். முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியாமல் வண்டி மிதப்பது எனக்கே தெரிந்தது. காற்று பக்கவாட்டில் அடிக்க அடிக்க ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்தான். விசில் நின்றுவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து பெரிய சரக்கு லாரி ஒன்று எங்களைத் தாண்ட வந்தது. பக்கத்தில் வரும்போது எங்களை உள்ளே இழுத்தது, தாண்டும்போது வெளியே தள்ளியது. லாரி போய்விட்டது, தள்ளல் நிற்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் வெள்ளை விலா முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. மறுபடி இடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் வண்டியின் பின்பாகத்தைப் பிடித்து அது இன்னும் அதிகமாக வீசியது. க்ளென் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப, வண்டி இடப்பக்கம் போனது. அவன் கால் பிரேக்கைத் தேடுவதைப் பார்த்தேன்.

"பிரேக்கத் தொடாத" என்று கத்தினேன். "கால எடு. ஸ்டியரிங்க நேராப் பிடி."

வண்டியின் பிரேக்கை மிதித்தால் முன்னால் நாங்கள் மட்டும் நிற்போம், பின்னால் இருப்பது வந்து எங்களை மடக்கிப் போட்டுவிடும். என்னிடம் தலைக்குச் சாயம் பூச வரும் ஒருத்தியின் கணவன், தொழிற்சாலையிலிருந்து ட்ரெய்லர்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறவன். அவன் தப்பிப் பிழைத்த கதையை அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் போட, எங்களுடையது மாதிரி வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் விரலால் தள்ளுகிற ஒரு நெம்புகோல். க்ளெனின் முழங்காலுக்கு மேலே கையை நீட்டித் துழாவினேன். பெல்ட் என் கழுத்தை அறுத்தது. முதலில் சாவிதான் கையில் பட்டது. அப்புறம் அந்த நெம்புகோல் சிக்கியது, முழுசாகத் தள்ளினேன்.

பின்னால் டயர்கள் கீச்சிட்டன. யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தமாதிரி வண்டி பின்னுக்கு இழுபட்டது. ஓர் ஆட்டம் ஆடி, அதைவிடச் சின்னதாக இன்னொன்று ஆடி, ட்ரெய்லர் எங்கள் பின்னால் நேராக வந்தது. க்ளென் மெல்லச் சாலையோரத்தில் ஒதுக்கினான்.

எச்சரிக்கை விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. என் தோள் வலித்தது. பார்த்தால், பின்சீட்டிலிருந்து ப்ரென்னா என் தோளை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கையை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை. நான் பயந்து செத்துப்போயிருந்தேன். அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்றும் இருந்தது.

ஊர்ந்து ஊர்ந்து திரும்பினோம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். நடந்ததைக் கேட்டதும் ராய்ஸின் முகம் வெளுத்தது. ட்ரெய்லரின் பின்பக்கத்துக்குப் போய் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஷவரைக் காட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியை நிறைய ரொப்பியிருந்தாராம், இறக்க மறந்துவிட்டாராம். தொட்டி இருப்பது பின்கோடியில். வால் கனத்தால் ஆடத்தான் செய்யும். மனிதர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

க்ளென் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டான். அப்போ வண்டி மேல தப்பில்ல, தண்ணிதான் என்றான். தண்ணியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம், கொக்கியை மாற்றிக்கொள்ளலாம், தண்டு போட்டுக்கொள்ளலாம் என்று அடுக்கினான். எனக்கு வந்த கோபத்தில் ராய்ஸ் நிற்கிறார், அவர் மனைவி நிற்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"உன் பொண்ணுக்கு ரூம் கொடுக்கணும்னுதானே இதெல்லாம்? அந்த ரூம்ல படுக்க அவ உயிரோட இருக்க வேணாமா?"

"நீ சும்மா இரு" என்றான் க்ளென்.

"எனக்கு அந்த ரூம் வேணாம்ப்பா" என்றாள் ப்ரென்னா.

குரலை உயர்த்தவில்லை. க்ளென் அவள் பக்கம் திரும்பினான். அவன் முகத்திலிருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அப்போ ஜூன்ல வரமாட்டியா என்று கேட்டான். அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். நாங்கள் இரட்டையரைக் கூட்டிக்கொண்டு, ராய்ஸிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்புகிற வழியில் க்ளென் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். அவன் மனசுக்குள் அந்தக் கோடை ஏற்கெனவே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. குச்சி ஐஸால் வாயெல்லாம் நீலமாக இருந்த ஓட்டிஸுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. நீ மேசைலயே படுத்துக்கோ, மேசைல படுக்கறது ஜாலி என்று அக்காவுக்கு யோசனை சொன்னான்.

"உனக்கு ஜாலியா இருக்கும்" என்றாள் ப்ரென்னா. "மேசைல படுக்கறவ எல்லாரும் சாப்ட்டு, பேசி, சீட்டாடி முடிக்கற வரைக்கும் முழிச்சுட்டு இருக்கணும். காலைல எல்லாருக்கும் பசிக்கறதுக்கு முன்னாடி எழுந்து மடிச்சு வைக்கணும். அப்புறம் அங்க ஒருத்தி படுத்திருந்தான்னே தெரியாது. வீட்டு சோபாவும் அதேதான்டா."

புகார் மாதிரி சொல்லவில்லை, தம்பிக்கு விளக்கம் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சாட்டையால் அடித்தமாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுந்து வரும்போது அந்த சோபா மடித்து, போர்வை நாலாக மடித்து, தலையணை அதன்மேல் வைத்து இருக்கும். எவ்வளவு ஒழுங்கான பெண் என்று என் கடையில் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"கடைக்குத் திருப்பு" என்றேன் க்ளெனிடம்.

மூடப்போகிறார்கள் என்றான். மூடுவதற்குள் போ என்றேன்.

ட்ரூடி வாசலில் சாசேஜ் அடுப்பை அணைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன ட்ரெய்லரை இன்னொரு தடவை திறக்கச் சொன்னேன். படியில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் மேசையோடு மல்லுக்கட்டினேன். அதன் கால் மடங்கமாட்டேன் என்றது, ஒரு உதை விட்டதும் மடங்கியது. பலகையை இறக்கி, மெத்தைகளை இழுத்துப் போட்டேன். க்ளெனைக் கூப்பிட்டுப் படு என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் படுத்தான். நானும் பக்கத்தில் படுத்தேன். அவனுடைய கால் இரண்டும் நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டிருந்தன, என் முதுகில் மெத்தையின் பொருத்து உறுத்தியது. காலையில் முதலில் எழுந்து காபி போடுகிறவள் நான்தானே, எழுந்து மடிப்பதில் எனக்கென்ன கஷ்டம்?

ப்ரென்னா காலையில் நின்ற அதே படியில் நின்றிருந்தாள்.

"முன்னாடி இருக்கற ரூம் உனக்கு" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் இங்க."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அது உங்க படுக்கை."

"அப்படின்னு எழுதி ஒட்டியிருக்கா என்ன?"

"அப்பா கால் வெளிய நீட்டிட்டு இருக்கு."

"உங்கப்பா கால மடக்கிப்பாரு. இன்னிக்கு அவரே மடங்கித்தான் போயிருக்காரு."

க்ளென் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான், கண்ணோரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் போயிற்று. பிறகு காலை மடக்கிக் காட்டினான்.

ப்ரென்னா அந்த முன் அறைக் கதவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்தாள். ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள், அப்புறம் இன்னொன்று. இரண்டையும் என் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். எங்கள் காலைத் தாண்டிக்கொண்டு முன் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஜூனி பின்னாலேயே ஓடிப்போய் அதைத் திறக்கப் பார்த்தாள்.

"தட்டிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அது மெல்லிய கதவு. கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் பேசுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. நாளை வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. "இல்லம்மா, யோசிச்சுதான் சொல்றேன்... ஜூன்லேர்ந்து இங்க... சோபா இல்லம்மா. எனக்கு ரூம் இருக்கு. கதவுகூட இருக்கு." க்ளென் என் கையைத் தேடிப் பிடித்தான்.

ட்ரூடி படியருகே வந்து, கடை மூடுகிற நேரமாகிவிட்டது, தவறாக நினைக்க வேண்டாம், எல்லாரும் இறங்கினால் பூட்டிவிடலாம் என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "எங்க பொண்ணு படுத்துப் பாக்கறா."